ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும்

பணிமனையில் அவனுக்குத் தொட்டில் என்று பெயர். அவன் ஓட்டும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். பிரேக் போட்டால் நிற்கிற ஆள் முன்னால் சரிய மாட்டான். கைக்குழந்தைக்காரிகள் வேறு வண்டியை விட்டுவிட்டு அவன் வண்டிக்காகக் காத்து நிற்பதை அவன் அக்கா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்ததைத் தெருவெல்லாம் சொல்லியும் இருக்கிறாள்.

அக்காவுக்குத் தையல் தொழில். முன்னறையில் மிஷின், அதற்குப் பின்னால் துணி அடுக்கு, சுவரில் கத்திரிக்கோலுக்கு ஓர் ஆணி, அளவு நாடாவுக்கு ஓர் ஆணி. ஆணி மாறினால் அவளுக்கு அன்று முழுக்கக் கை ஓடாது. தம்பியின் காக்கிச் சட்டையை அவள்தான் தைப்பாள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அக்குளில் இழுக்கக் கூடாது என்று அங்கே ஒரு துண்டு கூடுதலாக வைத்துத் தைப்பாள். "இந்தச் சட்டைக்கே டிரைவர் வேலை கொடுப்பாங்க, உள்ள ஆள் இருக்கணும்னு அவசியமில்ல" என்று தம்பி பெண்டாட்டி சொல்வாள். கிண்டல்தான். ஆனால் அக்கா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அம்மா போனபோது தம்பிக்குப் பால் பல் கூட விழவில்லை. அக்கா ஐந்தாவதோடு பையை மூலையில் போட்டுவிட்டு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். அங்கே அக்கா நின்றுகொண்டிருப்பாள். சரியென்றால் தலை ஆட்டுவாள், தப்பென்றால் புருவத்தைத் தூக்குவாள். அந்தப் பழக்கம் அவனைவிட்டுப் போகவே இல்லை. வண்டி ஓட்டும் உரிமம் வாங்கப் போன இடத்தில் அதிகாரி பெயரைக் கேட்டதற்குக்கூட அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

அவனுக்குச் சர்க்கரை வந்தது தெரிய வந்தபோது அது வந்து பல வருஷம் ஆகியிருந்தது. கால் பெருவிரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்றது. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். என்ன பண்ணிக்கொண்டிருந்தான்? கடைசி நிறுத்தத்தில் இறங்கி டீக்கடையில் "பாகு மாதிரி போடு" என்று சொல்லி, நாளெல்லாம் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அக்கா தம்பியின் உடம்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்குகிறவரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வண்டி விட்டு வந்தவனை உட்கார வைத்து, கால் விரல் இடுக்குகளைத் துணியின் தையலைச் சோதிப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள். டீக்கடைக்காரனிடம் நேரில் போய், "என் தம்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன்னு தெரிஞ்சா உன் பாய்லரை உருட்டி விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வருஷம் தவறாமல் கண்ணுக்குக் கூட்டிப் போனாள், சிறுநீரகத்துக்குக் கூட்டிப் போனாள், காலுக்குக் கூட்டிப் போனாள். சர்க்கரை இறங்கியது. புண் ஆறியது. டாக்டரே, "உங்க அக்கா மாதிரி ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார். அந்த வாரம் தெருவில் அந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யாரும் இல்லை.

காதைப் பற்றி யாரும் பேசவில்லை. காதும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் சண்டை மட்டும் வளர்ந்தது. தம்பி பெண்டாட்டிக்கு மெல்லிய குரல். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. மகள் "அப்பா அப்பா" என்று கத்தினாலும் பேப்பரிலிருந்து தலை தூக்குவதில்லை. ஆனால் வாசலில் கண்டக்டர் வந்து "என்னப்பா, கிளம்பலையா?" என்று கேட்டால் உடனே, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துவிடுவான்.

"பார்த்தீங்களா அண்ணி? கண்டக்டர் கூப்பிட்டா கேக்குது. நான் கூப்பிட்டா செவிடன் காதுல ஊதின சங்கு."

"நீ கீச்சு கீச்சுன்னு பேசினா யாருக்குத்தான் புரியும்? நாளெல்லாம் இன்ஜினோட மல்லுக்கட்டிட்டு வர்றான். வீட்டுல கொஞ்சம் அமைதியா உக்காரட்டுமே."

"அமைதியாவா? அவர் அமைதியா உக்காரல அண்ணி, என்னை மதிக்காம உக்காந்திருக்காரு. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

அக்கா மிஷினை மிதித்தாள். தம்பிக்கு எதிராக யார் என்ன சொன்னாலும் அவள் காலுக்கு வேகம் வந்துவிடும்.

அந்த மிஷினே ஒருமுறை உண்மையைச் சொல்லப் பார்த்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் எங்கோ எண்ணெய் வற்றி, பல் கூசும்படி கிறீச்சிட்டது. மிஷினுக்கு எண்ணெய் விடுவது எப்போதும் தம்பி வேலை. சின்ன வயதிலேயே, சத்தம் வரும் இடத்தைக் காதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான்.

"கத்துதுடா, கொஞ்சம் பாரு" என்றாள் அக்கா.

அவன் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். "எங்க கத்துது? டக் டக்னு நல்லாத்தானே ஓடுது."

"உனக்குச் சோம்பேறித்தனம்டா" என்று சிரித்துவிட்டு அக்காவே எண்ணெய் விட்டுக்கொண்டாள்.

பேருந்தில் ஏன் எதுவும் தெரியவில்லை என்றால், அதற்குக் காரணம் ஒரு பல்செட்டு. தம்பியோடு நெடுங்காலம் வந்த கண்டக்டருக்கு டமாரம் என்று பெயர். பேருந்தில் கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிறுத்த வேண்டும், இரண்டு ஊதினால் எடுக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டமாரத்துக்கு முன்பல் எல்லாம் போய்ப் பல்செட்டு வைத்த புதிதில், நெரிசலில் ஒரு விசிலை ஓங்கி ஊதினார். விசிலோடு பல்செட்டும் சேர்ந்து பறந்துபோய் ஓர் அம்மாளின் காய்கறிக் கூடைக்குள் விழுந்தது. "என் பல்லைக் குடும்மா" என்று கேட்கக்கூட வாயில் பல் இல்லை. அன்றோடு விசிலைத் தலை முழுகிவிட்டு, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தார். ஒரு அடி, நில். இரண்டு அடி, போ. தகரத்தின் தடால் சத்தம் அடிவயிற்றிலிருந்து வருவது. தம்பிக்கு அது தெளிவாகக் கேட்டது. விசில் கேட்கிறதா என்று யாரும் அவனைச் சோதிக்க வேண்டியே இருக்கவில்லை.

டமாரம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வேறு பணிமனையிலிருந்து மாறி வந்தவர் எதைச் செய்தாலும் "சட்டப்படி" என்று ஆரம்பிப்பார். அதனால் முதல் வாரமே அவருக்குச் சட்டம் என்று பெயர் விழுந்தது. சட்டம் சட்டப்படி விசில் ஊதினார். வண்டி நிறுத்தங்களைத் தாண்டிப் போயிற்று. இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். டமாரத்தின் இடத்துக்குத் தான் வந்தது பிடிக்காமல் டிரைவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சட்டம் நினைத்தார். ஊதாமலே ஊதினேன் என்று கண்டக்டர் பொய் சொல்கிறார் என்று தம்பி நினைத்தான்.

"சத்தியமா சொல்றேன்க்கா, அவன் ஊதறதே இல்ல" என்றான் ஒரு சாயங்காலம், கால் விரல்களைக் காட்டியபடி. "என் பேரைக் கெடுக்கணும்னே வந்திருக்கான். இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா என் வண்டியில?"

அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. "நாளைக்கு நான் வர்றேன். உன் சீட்டுக்குப் பின்னாலயே உக்காருறேன். அவன் ஊதறானா இல்லையான்னு நான் பார்க்கறேன். பணிமனையில போய் நானே சொல்றேன்."

தம்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்த அதே சிரிப்பு.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு அக்கா வண்டி ஏறினாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தாள். சட்டத்திடம் டிக்கெட் வாங்கும்போது, திருடனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். வண்டி கிளம்பியது. தண்ணீரில் படகு போவதுபோலத்தான் போயிற்று. பக்கத்திலிருந்த பெண் கொட்டாவி விட்டாள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் தம்பிதான்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டாள்.

அப்போது விசில் வந்தது.

ஒரு விசில். காதைக் கிழிக்கிற மாதிரி, கடைசிப் படியிலிருந்து முன் கண்ணாடி வரைக்கும் வந்தது. பக்கத்துப் பெண் கொட்டாவியை நிறுத்திக் காதைப் பொத்தினாள். அக்கா தம்பியின் பின்கழுத்தைப் பார்த்தாள். அதில் ஓர் அசைவும் இல்லை. அவன் மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே வந்து, பின்னால் போயிற்று.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் ஏமாற்றுகிறவன் இல்லை. பிடிவாதக்காரனும் இல்லை. அவனுக்கு அந்த விசில் உலகத்திலேயே இல்லை. மிஷின் கிறீச்சிட்டது, பெண்டாட்டி கூப்பிட்டது, மகள் கத்தியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து விழுந்தன.

சொல்லிவிடலாமா, வண்டியை ஓரம் கட்டச் சொல்லலாமா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்தது. இந்த முறை யாரோ முன்னால் வந்து சொன்னதால் நிறுத்தினான். பின்படியில் நெரிசல். சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். கண்ணாடியில் ஆள் தலைகள்தான் தெரிந்தன. கடைசிக் கதவு பட் பட்டென்று இரண்டு முறை எதிலோ இடித்தது. அந்தத் தடால் சத்தத்தை அவன் டமாரத்தின் கையென்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, வண்டியை நகர்த்தினான். உடனே விசில். ஒன்று. நிறுத்து. மறுபடி ஒன்று, மூச்சு முட்டும்வரை நீளமாக. வண்டி பூப்போல நகர்ந்துகொண்டே இருந்தது.

"நிறுத்துடா!" என்று அக்கா கத்தினாள். அவள் குரலும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. எழுந்து அவன் தோளில் ஓங்கி அறைந்தாள்.

வண்டி நின்றது. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா?"

இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தரையில் கிடந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருந்தபோது வண்டி அவளை இழுத்திருந்தது. முழங்கால் சில்லு நகர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் வலியில் கத்தியதும் அவனுக்குக் கேட்டிருக்காது. கூட்டம் ஓடுவதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. பிறகு நடைபாதையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

பணிமனை மானேஜர் அறையில் விசாரணை. சட்டம், "சட்டப்படி ஊதினேன் சார்" என்றார். அவர் கை நடுங்கியது. அவரும் பயந்து போயிருந்தார். தம்பி, "விசிலே வரல சார். எங்கக்கா வண்டியிலதான் இருந்தாங்க, அவங்களைக் கேளுங்க" என்றான். சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் துளி சந்தேகம் இல்லை.

"சொல்லுங்கம்மா. விசில் வந்துச்சா?"

அக்கா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தாள். ஓர் இடத்தில் தையல் பிரிந்திருந்தது.

"வந்துச்சு" என்றாள்.

தம்பி பார்வையைத் தாழ்த்தவில்லை. அவள் சொன்னதைச் சரியாகக் கேட்டோமா என்று யோசிப்பவன்போலப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மானேஜர் கெட்டவர் இல்லை. "காதைக் காட்டிட்டு வாப்பா. டெஸ்ட்ல சரியா இருந்தா நாளைக்கே உன் வண்டியைக் கொடுக்கறேன். இல்லேன்னா ஷெட்டுலதான் வேலை, டயர் பக்கம். ஸ்டியரிங் கிடையாது. காதுல மிஷின் வச்சவங்களுக்கும் இங்க ஸ்டியரிங் கிடையாது" என்றார்.

காது டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை. ஜவ்வு கிழியவில்லை. "சுகர் இருக்கா?" என்றார்.

அக்கா திடுக்கிட்டாள். "இருக்கு டாக்டர். ஆனா இப்ப நல்ல கண்ட்ரோல்ல இருக்கு. காதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?"

"காதுக்குள்ள நத்தை மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கும்மா. அதுக்கு ரத்தம் போற குழாய் முடியைவிட மெல்லிசு. சுகர் வருஷக்கணக்குல ஏறியே இருந்தா, கண்ணுல, கிட்னியில சின்னக் குழாய் கெடற மாதிரி இங்கயும் கெடலாம். நரம்பும் கெடலாம். எல்லாருக்கும் வராது. ஆனா சுகர் இருக்கறவங்களுக்குக் காது மந்தமாகற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். இவருக்கு இன்ஜின் சத்தமும் சேர்ந்திருக்கும். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். விசில், பறவை, பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல். வலிக்காது. அதனால தெரியாது."

"கண்ணுக்கு வருஷா வருஷம் பார்த்தேன். காலை தினமும் பார்த்தேன். காதைப் பார்க்கணும்னு யாருமே சொல்லலையே டாக்டர்."

"நிறையப் பேர் சொல்றதில்லம்மா. கேக்கறவங்களும் கம்மி."

"திரும்பி வருமா?"

"நான் நினைக்கறதுதான் காரணம்னா, போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம், சுகரை இப்படியே வச்சுக்கிட்டா. மிஷின் வச்சா வீட்டுல பேச்சு நல்லா கேக்கும். டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, உறுதியாச் சொல்றேன்."

தம்பி டாக்டர் உதட்டையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சுடும்க்கா" என்றான், அவளைத் தேற்றுகிறவன்போல.

வீட்டுக்கு வந்து அக்கா தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "பொம்பளைங்க குரல்" என்ற இடத்தில் கை நின்றது.

"அப்ப இத்தனை வருஷமா அவர் என்னை மதிக்காம இல்லையா அண்ணி?"

"இல்லடி."

"நான்தான் பேசாத பேச்சு பேசினேனா?"

தம்பி பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் எதிரில் போய் நின்று, அவன் நிமிரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "சாப்பிட வாங்க." அவன் உடனே எழுந்து வந்தான். இவ்வளவுதானா என்று அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சங்கு பழமொழியை யாரும் சொல்லவில்லை.

டெஸ்ட் எடுக்கும் அறை ஒரு பெட்டிக்குள் பெட்டி. உள்ளே தம்பியை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவே கண்ணாடி ஜன்னல். இந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இங்கே விசையை அழுத்தினால் அங்கே அவன் காதில் சத்தம் போகும். கேட்டால் அவன் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் இங்கே மிஷினில் ஒரு சின்ன விளக்கு எரியும். அக்கா ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றாள்.

முதலில் விளக்கு எரிந்தது. மறுபடி எரிந்தது. அக்காவுக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் கீச்சாக்கினாள். விசையை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. இன்னும் திருகினாள், அழுத்தினாள். எரியவில்லை.

தம்பி நிமிர்ந்து ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தான்.

அந்த நிமிஷம் அவளுக்கு முழங்கால் சில்லு நகர்ந்த பெண்ணும் நினைவில் இல்லை, சட்டத்தின் நடுங்கிய கையும் நினைவில் இல்லை. டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் விரல் விசையை அழுத்தியது. அக்காவின் தலை தானாக ஆடியது. தம்பி பொத்தானை அமுக்கினான். விளக்கு எரிந்தது. விரல் மறுபடி அழுத்தியது, தலை ஆடியது, விளக்கு எரிந்தது.

டெஸ்ட் எடுக்கும் பெண் கையை எடுத்துவிட்டாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"அம்மா, அவர் உங்க மூஞ்சியைப் பார்த்து அமுக்கறாரு."

"கேட்டுத்தான் அமுக்கறான்."

"நான் கடைசியா அழுத்தினப்ப சத்தமே வைக்கலம்மா. வெறுமனே விரலை வச்சேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் தோளைத் தொட்டு, ஏதோ சைகை காட்டி, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

இப்போது அக்காவுக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும்தான். அவள் தைத்த காக்கிச் சட்டை. டெஸ்டுக்கு எதற்குடா யூனிஃபார்ம் என்று காலையில் கேட்டதற்கு, "முடிஞ்சதும் நேரா வண்டி எடுக்கப் போகணுமே" என்று சொல்லியிருந்தான். தோள் தையல் நேராக இருந்தது. அக்குளில் கூடுதல் துண்டு சரியாக உட்கார்ந்திருந்தது. விரல் விசையை அழுத்தியது. முதுகு அசையவில்லை. குமிழ் திரும்பியது, விரல் அழுத்தியது. விளக்கு அப்படியே கறுப்பாக இருந்தது. அக்காவின் தலை இரண்டொரு முறை தன்பாட்டுக்கு ஆடியது, பார்க்க யாரும் இல்லாமல். பிறகு அவள் இரண்டு கையாலும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

எல்லாம் முடிந்து கதவு திறந்தது. அவன் காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"வந்ததுக்கெல்லாம் சரியா அமுக்கினேன்க்கா, ஒண்ணு விடல" என்றான். "நடுவுல மட்டும் ரொம்ப நேரம் மிஷின் நின்னு போச்சு போல. சத்தமே வரல. நானும் பேசாம காத்துட்டிருந்தேன்."

டெஸ்ட் எடுத்த பெண் தலையைக் குனிந்துகொண்டு தாளில் கோடு போட்டாள்.

"நின்னுதானேக்கா போச்சு?"

கேட்டுவிட்டு அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.